பெயருள்ள வீரர்களும் பெயரில்லாக் கிராமமும்

“விளையாட்டுக்குச் சொன்னேன்” என்னும் ஒரு வார்த்தையின் மறைவில் உலகத்தில் எத்தனையோ பொல்லாங்குகள் தலை தப்பியிருக்கின்றன. ஏழையை இழிவு பேசிப் பிடிபட்டவன் விளையாட்டுக்குச் சொன்னேன் என்கிறான். பெண்ணைப் பழித்துப் பிடிபட்டவனும் அதையே சொல்லுகிறான். இன்று பட முதலாளிகளும் அதே வார்த்தையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு நம் முன் நிற்கிறார்கள். “இது ஹாஸ்யப் படம், இரண்டு மணி நேரம் சிரித்துவிட்டுப் போங்கள், ஆராய்ச்சி எதற்கு?” என்பது அவர்களுடைய வாதம். அந்த வாதத்தை ஏற்க நாம் மறுக்கிறோம். ஏன் மறுக்கிறோம் என்பதைத் தோட்டத்திலும் பட்டணத்திலும் வாழும் நம் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் பட்டணத்திலுள்ள உறவினர் ஒருவர் வீட்டில் ‘ரெட்’ என்னும் அமெரிக்கப் படத்தைத் தொலைக்காட்சியில் காண நேர்ந்தது. 2010-ஆம் ஆண்டு ராபர்ட் ஷ்வென்ட்கே என்பவர் இயக்கி வெளியான படம் அது. ஏறத்தாழ 5 கோடியே 80 இலட்சம் டாலர் செலவில் எடுக்கப்பட்டு, உலகமெங்கும் 19 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அந்த இலாபத்தின் ருசியால் 2013-இல் அதற்கு இரண்டாம் பாகமும் வந்தது. ‘ஓய்வு பெற்றவர், மிகவும் ஆபத்தானவர்’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துக்களே அதன் பெயராம். வேலையை விட்டு வீட்டிலிருக்கும் கிழ ஒற்றர்கள் சிலரைக் கொல்ல ஆள் வருகிறது. கிழவர்கள் மீண்டும் துப்பாக்கி ஏந்தி வாலிபர்களைத் துவம்சம் செய்கிறார்கள். கதை இவ்வளவே.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வீட்டார் சிரித்தார்கள்; நாமும் சிரித்தோம். வெள்ளைப் பட்டாடை உடுத்திய ஹெலன் மிரன் அம்மையார் யந்திரத் துப்பாக்கியை முழக்கும்போது, பேரக் குழந்தைகளைத் தூக்க வேண்டிய வயதில் இந்த அம்மாளுக்கு இப்படி ஒரு கை பலமா என்று வியந்தோம். சிரித்துவிட்டு இரவு தோட்டத்துக்குத் திரும்பியபின் தூக்கம் வரவில்லை. கதையின் நடுவில் ஒரு கிராமம் வந்தது. வந்த வேகத்திலேயே மறைந்தது. அந்தக் கிராமத்தின் மேல் ஏறி நின்றல்லவா நாம் இத்தனை நேரம் சிரித்தோம் என்ற எண்ணம் உறுத்திற்று.

கிழித்தெறிந்த பென்ஷன்

கிராமத்துக்குப் போகுமுன் படத்தின் தொடக்கத்தைப் பார்ப்போம். புரூஸ் வில்லிஸ் நடிக்கும் ஃபிராங்க் மோசஸ் என்னும் கதாநாயகர், அமெரிக்க ரகசிய ஸ்தாபனமாகிய சி.ஐ.ஏ.யில் ஆட்களை ஒழிக்கும் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒஹாயோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் தனியே வசிக்கிறார். சர்க்கார் அனுப்பும் பென்ஷன் காசோலையைக் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு, காசோலை வந்து சேரவில்லை என்று கன்ஸாஸ் ஸிட்டியிலுள்ள பென்ஷன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் முறையிடுகிறார். அங்கே வேலை பார்க்கும் ஸாரா என்னும் பெண்ணின் குரலைக் கேட்பதற்கே இந்த உபாயம். பின்னர் அதே பெண்ணைக் காப்பாற்றுகிறேன் என்று வாயை ஒட்டிக் கட்டிப் போட்டுக் கடத்திக்கொண்டு போகிறார். இரண்டுக்கும் கொட்டகையில் சிரிப்பு.

நாம் தோட்டத்துக் கிராணி. பெரட்டில் பெயர் கூப்பிடுவதும், செக்ரோலில் பெயர் எழுதுவதும் நமது பிழைப்பு. ஆகையால் கிழிபடும் காசோலையைக் கண்டபோது நமக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வந்தது. பால்மரம் இருந்த காலத்திலும், அதை வெட்டிச் செம்பனை வைத்த பின்னும், முப்பத்தைந்து ஆண்டுகள் ஒரே தோட்டத்தில் உழைத்த மூதாட்டி ஒருவர் நம் அலுவலகத்துக்குப் பதினான்கு மாதம் நடந்தார். அவருடைய பெயர் அடையாளக் கார்டில் ஒரு விதமாகவும் பழைய பதிவேட்டில் வேறு விதமாகவும் இருந்தது. என்றோ ஒரு நாள் எமக்கு முன்னிருந்த கிராணி ஒருவரின் பேனா ரோமன் எழுத்தில் ஓர் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டது. அந்த ஓரெழுத்தால், அவர் கூலியில் பிடித்துச் சேர்த்த பணம் அவர் கைக்கு வராமல் நின்றது. காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, “கிராணியாரே, இன்றைக்காவது என் பெயர் சரியாகிவிட்டதா?” என்று கேட்பார். குற்றம் அவருடையதன்று, எழுதியவருடையது. ஆனால் நடந்தது அவர் கால்கள்.

ஒருவன் காசோலையைக் கிழித்து விளையாடலாம். இன்னொருத்தி ஓரெழுத்துக்காகப் பதினான்கு மாதம் நடக்க வேண்டும். பொறாமையால் இதைச் சொல்லவில்லை. ஒரு மனிதரின் பெயர் ஏட்டில் சரியாக இருப்பதும் இல்லாமற்போவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த மூதாட்டி நமக்குக் கற்பித்தார். ஓரெழுத்துத் தவறினால் இத்தனை துன்பமென்றால், பெயரே எழுதப்படாமல் போன மனிதரின் கதி என்ன? அந்தக் கேள்வியோடுதான் இப்படத்தை நாம் அணுகுகிறோம்.

பழி மாறிய கதை

கதையின் முடிச்சுக்கு வருவோம். கிழ ஒற்றர்களை ஏன் கொல்லப் பார்க்கிறார்கள்? ஒரு பத்திரிகை நிருபர் ஒரு பட்டியலை ஒளித்து வைத்துவிட்டு மாண்டு போகிறார். பட்டியலில் உள்ளவர் ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். ஜான் மால்கோவிச் நடிக்கும் மார்வின், அப்பட்டியல் 1981-ஆம் ஆண்டு மத்திய அமெரிக்காவிலுள்ள குவாத்தமாலாவில் நடந்த ஒரு ரகசிய வேலையைச் சேர்ந்தது என்று கண்டு சொல்லுகிறார். ஃபிராங்க்கும் மார்வினும் அதில் சம்பந்தப்பட்டவர்களே. இன்று அமெரிக்க உபஜனாதிபதியாக இருப்பவர் அன்று ராணுவத்தில் இளம் லெப்டினன்ட். ஒரு கிராமத்துக் குடிமக்களைக் கொன்று குவித்தவர். அது வெளிப்படாதிருக்கவே, அறிந்தவர்களை எல்லாம் தீர்க்கும் ஏற்பாடு. இந்த இரகசியம் வெளிப்பட்டவுடன் படம் மறுபடியும் துப்பாக்கிச் சத்தத்துக்கும் கேலிக்கும் ஓடிவிடுகிறது. செத்த கிராமத்தான் ஒருவனுக்கோ அவன் மகளுக்கோ இப்படத்தில் பேச ஒரு பாத்திரம் இல்லை.

இதில் நம் வாசகர்கள் பலர் அறிந்திராத ஒரு சேதி உண்டு. இப்படத்துக்கு மூலமாக இருந்தது, வாரன் எல்லிஸ் எழுத, கல்லி ஹாம்னர் வரைந்து, 2003, 2004-ஆம் ஆண்டுகளில் மூன்று பகுதிகளாக வெளிவந்த ஒரு சித்திரக் கதை. அதில் ஹாஸ்யம் இல்லை. அதிலே புதிதாகப் பதவியேற்ற சி.ஐ.ஏ. தலைவர், ஓய்வு பெற்ற மோசஸ் தன் உத்தியோக காலத்தில் செய்த காரியங்களின் பதிவுகளைப் பார்க்கிறார். பார்த்து அருவருத்து, இப்படிப்பட்டவன் உயிரோடிருக்கலாகாது என்று உத்தரவிடுகிறார். அதாவது மூலக்கதையில் வெளிவரக் கூடாத பாவம் மோசஸின் பாவம். அவனை ஏவியதோ அவனுடைய சொந்த சர்க்கார்.

படமெடுத்தவர்கள் என்ன செய்தார்கள்? அந்தப் பாவத்தைக் கதாநாயகரின் தோளிலிருந்து இறக்கி, ஓர் உபஜனாதிபதியின் தலையிலும் ஓர் ஆயுத வியாபாரியின் தலையிலும் வைத்தார்கள். கதாநாயகர் குளித்து முழுகிச் சுத்தமாகிவிட்டார். ஆயுத வியாபாரி கடைசியில் கொல்லப்படுகிறான். உடந்தையாயிருந்த அதிகாரி சுடப்படுகிறாள். கணக்குத் தீர்ந்தது என்று விளக்கைப் போடுகிறார்கள். ஒரு ஸ்தாபனத்தின் நீண்டகாலக் கொள்கையை ஒரு லெப்டினன்டின் வெறியாகச் சுருக்குவது என்ன நியாயம்? ஹாஸ்யம் என்ற பெயரால் நடந்த இந்தக் கணக்கு மாற்றத்தைத்தான் நாம் கண்டிக்கிறோம். கணக்கு எழுதிப் பிழைப்பவருக்கு இது எளிதில் தெரியும்.

படம் சொல்லாத தோட்டம்

குவாத்தமாலா எங்கேயோ இருக்கும் நாடு; நமக்கென்ன என்று கேட்பவர் உண்டு. அது நம்மைப் போல் தோட்டத்தால் வளர்ந்து, தோட்டத்தால் நொந்த நாடு. காப்பி, வாழை, கரும்பு, பருத்தி என்று ஏற்றுமதிக்கு விளைவித்தது. மலைநாட்டு மாயா மக்கள் ஆண்டுதோறும் குழந்தை குட்டிகளோடு இறங்கிவந்து பெருந்தோட்டங்களில் கூலிக்கு உழைத்தார்கள். 1950-ஐ ஒட்டிய காலத்தில் ஜனத்தொகையில் நூற்றுக்கு இரண்டு பேர் கையில் விளைநிலத்தில் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் இருந்தது. அவர்களுள் தலையாயது அமெரிக்காவின் யுனைடெட் ஃபுரூட் கம்பெனி. வாழைத் தோட்டத்தோடு ரயில் பாதையும் துறைமுகமும் அதன் பிடியில் இருந்தன.

தேர்தலில் வென்று 1951-இல் பதவியேற்ற ஜனாதிபதி ஹக்கோபோ ஆர்பென்ஸ், 1952 ஜூனில் ஒரு நிலச் சட்டம் கொண்டுவந்தார். பயிரிடாமல் தரிசாகப் போட்டிருந்த பெருநிலங்களை எடுத்து, நிலமில்லாதவர்க்குப் பகிர்ந்தளிப்பதே அதன் சாரம். ஈட்டுத் தொகையாக, வரி கட்டுவதற்கு உடையவர்களே காட்டியிருந்த மதிப்பு அளிக்கப்படும். இங்கேதான் கம்பெனி அகப்பட்டுக்கொண்டது. அதன் ஏட்டு மதிப்பின்படி சர்க்கார் கொடுக்க வந்தது ஏறத்தாழ 6 இலட்சத்து 27 ஆயிரம் டாலர். கம்பெனிக்காக வாஷிங்டன் கேட்டதோ ஏறத்தாழ 1 கோடியே 58 இலட்சம் டாலர். வரி கட்டும்போது ஒரு கணக்கு, விலை கேட்கும்போது வேறொரு கணக்கு. துரைமார் எழுதும் இரட்டைக் கணக்கு எல்லா நாட்டிலும் ஒரே கையெழுத்தில்தான் இருக்கிறது.

1954 ஜூன் மாதம் சி.ஐ.ஏ. ஆள் திரட்டி, பொய் வானொலி நடத்தி, விமானம் பறக்கவிட்டு ஆர்பென்ஸைக் கவிழ்த்தது. அந்தச் சமயம் அமெரிக்க வெளிநாட்டு மந்திரி ஜான் ஃபாஸ்டர் டல்லஸ்; சி.ஐ.ஏ. தலைவர் அவருடைய தம்பி ஆலன் டல்லஸ். இருவரும் முன்பு வேலை செய்த வக்கீல் ஸ்தாபனம் யுனைடெட் ஃபுரூட் கம்பெனிக்காக வாதாடியது. கம்யூனிஸப் பயம்தான் காரணம், கம்பெனியன்று என்று கூறும் சரித்திர ஆசிரியர்களும் இருக்கிறார்கள். காரணம் எதுவாயினும் நிலம் பெற்ற குடியானவன் நிலத்தை இழந்தான். அடுத்து வந்த படை ஆட்சிகளும் அவற்றை எதிர்த்த கலகங்களும் சேர்ந்து 1960 முதல் 1996 வரை 36 ஆண்டுகள் உள்நாட்டு யுத்தமாக நீண்டன.

படம் குறிக்கும் 1981-க்கு வருவோம். அதற்கு முந்திய ஆண்டு, 1980 பிப்ரவரியில், தென்கரைக் கரும்புத் தோட்டங்களிலும் பருத்தித் தோட்டங்களிலும் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சர்க்கார் பணிந்து, நாட்கூலியை 3 கெட்ஸால் 20 காசாக உயர்த்தியது. கூலி உயர்ந்த சில மாதங்களுக்குள் சங்கத் தலைவர்கள் மறைந்துபோகத் தொடங்கினார்கள். 1981 இறுதியில் ராணுவம் மலைநாட்டுக் கிராமங்களை எரித்தழிக்கும் வேலையில் இறங்கியது. 1999-இல் ஐக்கிய நாட்டு உதவியோடு அமைந்த உண்மை விளக்கக் குழு வெளியிட்ட அறிக்கை கூறுவதைக் கேளுங்கள்: செத்தவரும் காணாமற்போனவரும் 2 இலட்சத்துக்கு மேல், அடையாளம் காணப்பட்டவருள் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள், கொடுமைகளில் நூற்றுக்கு 93 சர்க்கார் படைகளும் அவற்றைச் சார்ந்தவர்களும் செய்தவை, சர்க்கார் தரப்பார் நடத்திய கூட்டுக் கொலைகள் 626. அதே ஆண்டு மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் குவாத்தமாலா நகரத்தில் நின்று, இத்தகைய படைகளுக்கு அமெரிக்கா ஆதரவளித்தது தவறு என்று ஒப்புக்கொண்டார்.

ஆகவே ஒரு கிராமம், ஒரு லெப்டினன்ட் என்பது உண்மைக்கு வெகு தூரம். சுட்டவர்கள் பெரும்பாலும் அந்நாட்டுப் படையினரே. பின்னாலிருந்து தாங்கிய கை எது என்பதையும் அமெரிக்காவின் ஜனாதிபதியே சொல்லிவிட்டார். படமோ 626-இல் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, அதையும் ஊர் பெயர் தெரியாத ஒரு முடிச்சாக்கி, நம்மைச் சிரிக்கச் சொல்லுகிறது.

இரண்டு பட்டியல்கள்

பட்டியலைத் தேடி ஓடும் படமாதலால் உண்மைப் பட்டியல் ஒன்றையும் கூறுகிறோம். 1997-இல் சி.ஐ.ஏ. தன் 1954-ஆம் ஆண்டுக் குவாத்தமாலா வேலையைப் பற்றிய காகிதங்களில் ஒரு பகுதியை வெளியிட்டது. கொலை செய்வது எப்படி என்று விளக்கும் ஒரு கையேடும், ஒழிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியல்களும் அவற்றில் இருந்தன. அத்திட்டப்படி எவரும் கொல்லப்பட்டதாகச் சான்றில்லை என்று அந்த ஸ்தாபனமே எழுதிய வரலாறு கூறுகிறது. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஆனால் அந்தப் பட்டியல்கள் வெளியிடப்பட்ட விதத்தைப் பாருங்கள். பட்டியல் இருக்கிறது, பெயர்கள் இல்லை. எல்லாப் பெயர்களும் நீக்கப்பட்டிருந்தன. யாரைக் கொல்ல எண்ணினார்கள் என்பதை அவர்களுடைய பிள்ளைகள் கூட அறியக் கூடாதாம்!

படத்தில் சி.ஐ.ஏ. தலைமையகத்தின் ரகசியக் கோப்பறையைக் காக்கும் கிழக் குமாஸ்தாவாக எர்னஸ்ட் போர்க்னைன் வருகிறார். அப்போது அவருக்கு வயது 93. நம் ஜாதித் தொழிலாளி என்று அவரைக் கண்டு மகிழ்ந்தோம். படத்தில் கோப்பு எளிதாகக் கைக்குக் கிடைத்துவிடுகிறது. உண்மையில் நடந்தது வேறு. குவாத்தமாலாவில் போலீஸ் பதிவேடுகள் ஏதுமில்லை என்று சர்க்கார் நெடுங்காலம் சாதித்து வந்தது. 2005 ஜூலையில், வேறொரு காரியமாகச் சோதனைக்குப் போனவர்கள் தலைநகரில் ஒரு கட்டிடத்தில் எலியும் வௌவாலும் குடியிருந்த காகித மலையைக் கண்டார்கள். ஏறத்தாழ 8 கோடிப் பக்கங்கள்! அவற்றைத் தூசி தட்டி, ஒட்டிக்கொண்டிருந்த தாள்களைப் பிரித்து, பெயர் பெயராகத் தேடியவர்கள் கூலிக்கு உழைத்த சாதாரண மனிதர்கள். காணாமற்போன தகப்பனின் பெயரைத் தேடிவந்த பிள்ளைகளுக்கு அவர்கள்தான் வழி காட்டினார்கள். அந்தக் குமாஸ்தாக்களைப் பற்றிப் படமெடுக்க 5 கோடி டாலர் எங்கிருந்தும் வரவில்லை.

நிருபர் கொலையும் அங்கே கற்பனையன்று. பாதிரித் தலைவர் ஹுவான் ஹெரார்தி, யுத்தத்தில் மாண்டவர்களைப் பற்றிச் சேகரித்த வாக்குமூலங்களை 1998 ஏப்ரலில் நூலாக வெளியிட்டார். வெளியிட்ட இரண்டாம் நாள் தம் வீட்டிலேயே தலை நசுக்கிக் கொல்லப்பட்டார்.

வாய் திறந்த ஓய்வாளர்கள்

இனி நமது பிரதானமான குற்றச்சாட்டுக்கு வருகிறோம். ஃபிராங்க் மோசஸும் மார்வினும் 1981-இல் அவ்வேலையில் சம்பந்தப்பட்டவர்கள். அதன்பின் 29 ஆண்டுகள் வாய் மூடியிருந்தார்கள். அன்று அங்கே நடந்தது என்ன என்று ஒரு நாளும் கேட்டாரில்லை. எப்போது விழித்தார்கள்? தம் வீட்டுச் சன்னலைக் குண்டு துளைத்தபோது. கிராமத்துக்காக ஒரு விரலும் அசைக்காதவர்கள், தம் உயிருக்காக நகரமெல்லாம் தீ வைக்கிறார்கள். கடைசியில் எதிரிகளை முடித்தபின், நடந்த உண்மையை உலகுக்கு உரக்கச் சொன்னார்களா? இல்லை. மால்டோவாவில் அடுத்த வேலைக்குப் போய்விட்டார்கள். கொட்டகை மீண்டும் சிரிக்கிறது. இவர்களையா வீரர் என்று நம் பிள்ளைகளுக்குக் காட்டுவது?

ஓய்வு பெற்றவனுக்குத் துப்பாக்கியிலும் பெரிய ஆயுதம் ஒன்று உண்டு; அவனுடைய ஞாபகம். அதைத் துணிந்து எடுத்தவர்கள் மெய்யுலகில் இருக்கிறார்கள். இலத்தீன் அமெரிக்காவில் வேலை பார்த்து 1968-இல் சி.ஐ.ஏ.யை விட்டு விலகிய ஃபிலிப் ஏஜி, 1975-இல் தன் அனுபவங்களை நூலாக வெளியிட்டார். சக ஒற்றர்களின் பெயர்களையும் அவர் வெளியிட்டது சரியா என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. அதைப் பற்றி வாசகரே முடிவு செய்துகொள்ளலாம். அவருக்குக் கிடைத்த வெகுமதி என்ன? 1979-இல் அவருடைய பாஸ்போர்ட் பறிக்கப்பட்டது. பறித்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1981-இல் தீர்ப்பளித்தது. படத்தின் கதைக்கு மூலமான அதே 1981! அதற்கு மாறாக, 1954-இல் ஆர்பென்ஸைக் கவிழ்க்க வேலை செய்த ஹோவார்ட் ஹன்ட், 1970-இல் ஓய்வு பெற்று, 1972-இல் வாட்டர்கேட் திருட்டுக்கு ஆளனுப்பிச் சிறை சென்றார். மெய்யான ஓய்வு ஒற்றர் இப்படியும் இருந்தார். ஒற்றர் நாவல்கள் எழுதிப் பேர் வாங்கியவரும் அவரே.

இன்னொன்று. 1982 டிசம்பரில் தோஸ் எர்ரெஸ் என்னும் குவாத்தமாலாக் கிராமத்தில் இருநூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். பலர் ஊர்க் கிணற்றிலே எறியப்பட்டார்கள். அக்கொலையில் பங்கு கொண்ட முன்னாள் படைவீரன் ஒருவன் அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தில் சமையற்காரனாக வாழ்ந்து வந்தான். 2010-இல் அவன் பிடிபட்டு, ஒரு குழந்தையைக் கிணற்றில் எறிந்ததை ஒப்புக்கொண்டான். குடியுரிமை விண்ணப்பத்தில் பொய் சொன்ன குற்றத்துக்காக அவ்வாண்டு செப்டம்பரில் பத்தாண்டுச் சிறை பெற்றான். அடுத்த மாதம், அக்டோபரில், ‘ரெட்’ படம் கொட்டகைகளுக்கு வந்தது. அந்தக் கிணற்றின் கதை நீதிமன்றம் ஏறியதற்கு ஒரு காரணம், அதே படையில் இருந்த இருவர் மனம் பொறாமல் முன்வந்து சாட்சி சொன்னது. 2011-இல் வேறு நான்கு பேர் குவாத்தமாலாவிலேயே தண்டிக்கப்பட்டார்கள்.

நம் மண்ணுக்கும் இது புதிதன்று. 1948 டிசம்பரில் சிலாங்கூரில் பத்தாங் காலியை அடுத்த ரப்பர் தோட்டத்தில், ஆயுதமற்ற 24 சீனத் தோட்ட மக்களைப் பிரிட்டிஷ் படையினர் சுட்டுக் கொன்றார்கள். தப்பியோடினார்கள், சுட்டோம் என்று சர்க்கார் ஏட்டில் எழுதியது. அப்படையில் இருந்த சிலர், அப்படியன்று என்று சத்தியம் செய்து கொடுத்த வாக்குமூலங்கள் 1970-இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் வெளியாயின. தொடங்கிய விசாரணை அவ்வாண்டே நிறுத்தப்பட்டது. 2015-இல் பிரிட்டனின் உச்ச நீதிமன்றமும் பொது விசாரணைக்கு உத்தரவிட மறுத்துவிட்டது. ஆனால் இன்று அந்த 24 பேரைப் பற்றி நாம் பேச முடிகிறதென்றால், விடாமல் கேட்ட உறவினர்களும், வாய் திறந்த அந்தச் சிப்பாய்களுமே காரணம். அவர்கள் ஒரு குண்டும் சுடாமல் செய்த காரியம் அது.

ஆட்சேபங்களுக்குப் பதில்

“படத்தில் ஒரு நன்மையும் இல்லையா?” என்று கேட்பார்கள். உண்டு. கிழவர்கள் என்றால் மூலையில் இருமிக்கொண்டிருப்பவர்கள் என்னும் எண்ணத்தை அது உதைக்கிறது. முதியோர் விடுதியில் ஈரல் புற்றுநோயோடு கிடக்கும் மார்கன் ஃபிரீமனின் பாத்திரத்துக்கு மானமும் நகைச்சுவையும் இருக்கின்றன. பழைய எதிரியாகிய ருஷிய ஒற்றரும் அமெரிக்க ஒற்றரும் ஒன்றாக அமர்ந்து மது அருந்துவதில், பகை என்பது மேலிடத்தார் மூட்டிய தீ என்ற குறிப்பும் இருக்கிறது. நடிகர்கள் பேரில் நமக்குக் குறையில்லை. ஆனால் முதியவருக்கு மதிப்புத் தேடித்தர அவர் கையில் துப்பாக்கி கொடுத்தே ஆகவேண்டுமா? முப்பத்தைந்து வருஷம் மரம் சீவிய கை, துப்பாக்கி பிடிக்காவிட்டால் மதிப்பற்ற கையா?

“இதை எல்லாம் ஹாஸ்யப் படத்தில் சொன்னால் யார் பார்ப்பார்கள்?” என்பது அடுத்த கேள்வி. சொல்ல வேண்டாம், அப்படியானால் அந்தக் கிராமத்தைத் தொடாமலே இருந்திருக்கலாமே! கதைக்கு முடிச்சு வேண்டுமானால் களவுபோன வைரத்தையோ தொலைந்த பெட்டியையோ வைத்துக்கொள்ளட்டும். மெய்யாகவே மாண்ட மனிதரின் நாட்டையும் ஆண்டையும் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டு, மனிதரை மட்டும் விட்டுவிடுவது இரவல் வாங்கிய பொருளைத் திருப்பாமல் விற்பதற்கு ஒப்பானது.

“ஆங்கிலம் கற்றவர்கள் எதிலும் குற்றம் காண்பார்கள்” என்று நம்மை ஏசுவோரும் இருக்கக்கூடும். ஆங்கிலம் கற்றதனால்தான் இதைச் சொல்லும் கடமை நமக்கு இருக்கிறது. அந்த மொழியில் வரும் படத்தைத் தோட்டத்துப் பிள்ளைகள் சித்திரத்தை மட்டும் பார்த்துச் சிரிக்கிறார்கள். அதே மொழியில் இருக்கும் அறிக்கைகளையும் தீர்ப்புகளையும் படித்துச் சொல்ல வேண்டியவர் நாம் அல்லவா? படத்தை மொழிபெயர்த்துக் கதை சொல்லுகிறோம், கிராமத்தை விட்டுவிடுகிறோம். அந்த இடத்தில் நாமும் படமுதலாளியும் ஒன்றாகிவிடுகிறோம்.

படத்தைப் பார்க்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. பாருங்கள், சிரியுங்கள். பார்த்து முடிந்ததும் வீட்டுப் பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “அந்த ஊர்க்காரர்கள் யார்? அவர்கள் பெயர் என்ன?” பதில் படத்தில் இல்லை. தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நம் தோட்டங்களிலும் வாயில் கதையும் நெஞ்சில் கணக்கும் வைத்துக்கொண்டு முதியவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களையும் கேட்கச் சொல்லுங்கள். சொல்லுவதை எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

அந்த மூதாட்டியின் பெயர் பதினைந்தாம் மாதம் திருத்தப்பட்டது. பணமும் வந்தது. செய்தி சொன்னபோது அவர் பணத்தொகையைக் கேட்கவில்லை. “எங்கே, எழுதியிருப்பதைப் படியுங்கள்” என்றார். எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினோம். இரண்டு முறை கேட்டுவிட்டுப் பையை மடித்துக்கொண்டு போனார்.